கால் மைல் பாதை

பால்மர் ஸ்கார் வாயைத் திறந்து யாரிடமும் உதவி கேட்டதில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மேட்டில் பிறந்த நார்வே வம்சத்தாரில் பாதிப் பேர் அப்படித்தான். ஒரு கை முறிந்தால் இன்னொரு கை இருக்கிறதே என்பார்கள். வீம்பா, கூச்சமா என்று அவர்களுக்கே தெரியாது.

முப்பத்தோரு வருஷம் ஊர்க் கூட்டுறவுக் கடையின் பின்கொட்டகையில் சின்ன என்ஜின்களைப் பழுது பார்த்தவர் பால்மர். டெலிபோனில் என்ஜினை ஓடவிட்டுக் காட்டினால் போதும், "வால்வு ஒட்டுது, கழட்டிக் கொண்டா" என்று சொல்லி வைத்துவிடுவார். சொன்னது தப்பியதில்லை. என்ஜினுக்குக் கொடுத்த காதில் கால்வாசியை மனிதர்களுக்குக் கொடுத்திருக்கலாம். அவர் மனைவி ஆர்டிஸ் இதைச் சொல்லிச் சிரிப்பார், நாற்பத்தாறு வருஷமாக.

அந்தச் செப்டம்பரில் ஆர்டிஸின் இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். மூச்சு முட்டினால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், அது வீடு வரைக்கும் வர வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். தார் ரோட்டோரத் தபால் பெட்டியிலிருந்து வீட்டுக்குக் கால் மைல் மண் பாதை. குளிர்காலத்தில் அதைத் திறந்து வைப்பது, முன்னால் பனி வாரும் எந்திரம் பூட்டிய பால்மரின் பழைய தோட்டத்து டிராக்டர். ஒற்றைச் சிலிண்டர். நம்ம கல்யாணத்தோட வயசுக் கழுதை என்று அதை ஆர்டிஸ் கேலி செய்வார்.

டாக்டரைப் பார்த்து வந்த மறுநாளே ஆர்டிஸ் அடுப்படியில் நின்று பிளம் ஜெல்லி காய்ச்சினார். சொன்னால் கேட்கிற ரகமில்லை. பாட்டில்களில் ஊற்றி, காற்றுப் புகாதபடி மேலே மெழுகை உருக்கி விட்டுக்கொண்டிருந்தார்.

"போன குளிருல பெட்ரோல்ல தண்ணி எறங்கிடுச்சுன்னு ரெண்டு நாள் கத்துனியே. இனிமே எறங்காது. நான் பாத்துக்கிட்டேன்."

"ம்" என்றார் பால்மர், பேப்பரைப் பார்த்தபடி.

அந்த வருஷம் பனி ஜனவரியில்தான் விழுந்தது, முதல் நாளே டிராக்டர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. கிளப்பினால் கால் மணி நேரம் சிங்கம் போல ஓடும். பிறகு இழுவை குறையும், பனி தூரமாகப் போய் விழாமல் காலடியிலேயே கொட்டும், இருமும், நின்றுவிடும். பால்மர் இறங்கி, டாங்க் மூடியைத் திறந்து பார்ப்பார். பெட்ரோல் இருக்கும். மூடிவிட்டுக் கிளப்புவார். உடனே கிளம்பும். மறுபடி கால் மணி நேரம்.

சூடானால்தானே சாகிறது, அப்படியானால் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்தான் கோளாறு என்றார். மாற்றினார். பிளக்கை மாற்றினார், கண்டென்சரை மாற்றினார், கார்ப்பரேட்டரை இரண்டு தடவை கழற்றிக் கழுவினார். கொட்டகையில் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தால் நன்றாகத்தான் ஓடியது. பாதையில் இறக்கினால் பழைய கதை.

பக்கத்துப் பண்ணை லேலண்ட், முன்னால் பனித்தள்ளி பூட்டிய பெரிய லாரி வைத்திருந்தார். ஒருநாள் வந்து நின்றார்.

"பால்மர், நான் ஒரு தடவ தள்ளிட்டுப் போறேனே. பத்து நிமிஷ வேல."

"வேணாம்ப்பா, உனக்கெதுக்குச் சிரமம்."

"சிரமமா? சும்மா இந்தப் பக்கம்தான போறேன்."

"வேணாம், வேணாம். நாளைக்கு இது சரியாயிடும்."

அந்த ஊரில் ஒரு முறை உண்டு. எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்பார்கள், மூன்றாம் தடவை கேட்டால்தான் வாங்கிக்கொள்வார்கள். காபிக்கும் கேக்குக்கும் அதேதான். மூன்றாவது தடவைக்காகப் பால்மர் காத்திருந்தார். 'சரி' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. லேலண்டோ பால்மரின் கௌரவம் தெரிந்தவர், அதைக் கிளறக் கூடாது என்று நினைத்தார்.

"சரி, ஆர்டிஸ கேட்டதா சொல்லு" என்று லாரியில் ஏறிப் போய்விட்டார்.

பிறகு பால்மருக்கு ஒரே பிடி, பிடித்த முயலுக்கு மூன்றே கால். கோளாறு சிலிண்டர் தலையில்தான், கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்று முடிவு கட்டினார். வியாழக்கிழமைதான் பனிப்புயல் என்று ரேடியோ சொன்னது. செவ்வாய் சாயங்காலம் தலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கேஸ்கெட் நல்லாத்தான் இருந்தது.

புயல் புதன் விடியலிலேயே வந்துவிட்டது. காலை பத்து மணிக்கு ஆர்டிஸ் காபிக் கோப்பையை வைத்துவிட்டு, "பால்மர், மூச்சு" என்றார். பாதையில் இடுப்பளவு பனி, டிராக்டர் மூன்று துண்டாகக் கிடந்தது. பால்மர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அப்புறம், வாழ்க்கையில் முதல் தடவையாக, உதவி கேட்க லேலண்ட் வீட்டு நம்பரைச் சுழற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. லேலண்ட் சர்ச் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் தபால் பெட்டியோடு நின்றது. இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு விழுந்து எழுந்து வீடு வந்து சேர நாற்பது நிமிஷம். திரும்பும்போது பால்மரும் ஒரு முனையைப் பிடித்தார். பாதி வழியில் ஆர்டிஸின் கை போர்வைக்கு வெளியே தொங்கியது. உள்ளே எடுத்து வைத்த பால்மருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தபால் பெட்டி வரைக்கும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லேலண்ட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மூணாவது தடவ கேட்டிருக்கணும்டா நான்." பால்மர் மனசுக்குள் அவரைத் திட்டினார், தன்னையும் திட்டினார்.

ஏப்ரலில், வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், டிராக்டரை ஒன்றாகச் சேர்த்தார். டாங்க் மூடியைப் போட மறந்து கிளப்பிவிட்டார். என்ஜின் ஒரு மணி நேரம் தும்மாமல் ஓடியது. மூடியைப் போட்டார். கால் மணியில் செத்தது. குளிர்காலம் முழுக்கக் காதை மறைத்திருந்த குல்லாயைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று டாங்க் மூச்சை இழுத்தது.

மூடியின் நடுவில் காற்றுப் போக ஊசித் துளை ஒன்று இருக்கும். அதன்மேல் அழுக்கு. நகத்தால் சுரண்டினார். அழுக்குக்குக் கீழே வெள்ளையாக மெழுகு, ஜெல்லி மெழுகு. தண்ணீர் இறங்காமல் ஆர்டிஸ் அவ்வளவு அழகாக ஊற்றியிருந்தார். பெட்ரோல் போன அளவுக்குக் காற்று உள்ளே வராமல் என்ஜின் பட்டினியில் செத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவரே மூடியைத் திறந்து உயிர் கொடுத்துவிட்டு, காயில் ஆறிவிட்டது என்று நம்பியிருக்கிறார். பால்மர் டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார்.

அழுகை அடங்கி வெகு நேரம் கழித்து லேலண்டின் லாரி வந்தது.

"வண்டி ஓடின சத்தம் கேட்டுச்சே! என்ன கோளாறு?"

பால்மர் மூடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சொன்னா. நான் கேக்கல."

"யாரு?"

"ஆர்டிஸ். செப்டம்பர்லயே சொன்னா."

லேலண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே கேட்கவும் இல்லை. "வீட்டுல சூப் இருக்கு. சாப்பிட வரியா?" என்றார்.

"சரி" என்றார் பால்மர், முதல் தடவையிலேயே.