அண்ணி உட்கார்ந்த மூலை

கடலை வருஷத்துக்கு ஒரு தடவைகூடப் பார்க்காத வடக்கனந்தலில் உட்கார்ந்துகொண்டு, அலையைத் தயாரிப்பது எப்படி என்று தமிழர்களுக்கு விளக்கும் பொறுப்பு போன வருஷம் என் தலையில் விழுந்தது. நான் வீட்டிலிருந்தபடியே ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துக் கொடுப்பவள். அதுவரை எனக்கு வந்ததெல்லாம் மிக்ஸி கையேடு, மூலநோய் மருந்தின் உபயோக முறை, யாரும் படிக்காத நிபந்தனைகள். இந்த முறை வந்தது ஒரு வெளிநாட்டுப் படகுக் கம்பெனியின் இணையப் பக்கங்கள். ஏரியில் படகு போகும். அதன் பின்னால் எழும் அலையில் ஒருவர் பலகை மேல் நின்று சறுக்கிக்கொண்டே வருவார். வேக்சர்ஃபிங் என்று பெயர். உலகத்து மொழிகளிலெல்லாம் போடுகிறார்களாம். தமிழை மட்டும் விட்டுவிட்டால் ரிஷிவந்தியத்தில் அந்தப் படகுக்காகக் காத்திருப்பவர்கள் மனம் நோகாதா?

முதல் பத்தியே படகுக்குள் ஏரித் தண்ணீரை ஏற்றச் சொன்னது. படகுக்குள் தண்ணீர் வரக் கூடாது என்பதுதான் படகைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விஷயம். இவர்களோ தரைக்கு அடியில் தொட்டி வைத்து, மோட்டார் போட்டு, மெனக்கெட்டுத் தண்ணீரை உள்ளே இறைக்கிறார்கள். பின்பக்கம் கனம் கூடினால் அலை உயரமாகுமாம். முன்பக்கமும் கொஞ்சம் ஏற்றினால் அலை நீளுமாம். படகின் வாலில் பக்கத்துக்கு ஒரு தகடு வேறு. ஒரு பக்கத்துத் தகட்டை நீட்டினால் மறுபக்கத்து அலை சுத்தமாகுமாம். அலையில் அழுக்கு அலை, சுத்தமான அலை என்று இரண்டு ஜாதி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வாக்கியம்: அலையில் நின்றதும் சறுக்குபவர் கயிற்றைப் படகுக்குள் எறிந்துவிட வேண்டும். கயிற்றை விட்டுவிட்டால் அவரை யார் இழுப்பது? ஆங்கிலத்தில் எழுதியவர் தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கிறார் என்று முடிவுகட்டி, ‘கயிற்றை உறுதியாகப் பிடித்துக்கொள்ளவும்’ என்று திருத்தினேன். மொழிபெயர்ப்பாளருக்கு இந்த அதிகாரமாவது வேண்டாமா?

என் தமிழைச் சரிபார்க்கும் அதிகாரி ஒருவர் உண்டு. முகம் பார்த்ததில்லை. கோப்பு முழுக்கச் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். கயிறு விஷயம் தப்பு, மற்றதில் ‘அனுபவம் இல்லை’ என்று குறிப்பு. மூலநோய் மருந்துக்கு மட்டும் இந்தக் குறையை அவர் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறார். எந்த இயந்திரமானாலும் அது டிராக்டரின் தம்பிதான் என்பது அவர் கட்சி. கேட்டதும் சொன்னார். “உழவு ஓட்டும்போது கனத்துக்குப் பின்னாடி டயருக்குத் தண்ணி ஏத்துறமே, அதே கதைதான். இதுல இன்னா இருக்குது?”

டிராக்டருக்குப் பின்னால் அலை வருமா என்று கேட்டேன். யோசித்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை மலை மேலிருக்கும் ஏரிக்குப் போய்ப் படகில் ஏறிப் பார்த்துவிடலாம் என்றார். விஷயம் அவருடைய அக்காவின் காதுக்குப் போயிற்று. எனக்கு அவர் அண்ணி. பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். நல்ல வாட்டசாட்டமான உடம்பு, அதைவிட வாட்டசாட்டமான குரல். ஆராய்ச்சிக்குத் தானும் வருவதாக அறிவித்தார். யாரும் கூப்பிடவில்லை என்பது அவருக்கு ஒரு தடையாக இருந்ததே இல்லை.

கச்சிராயபாளையத்தில் வெள்ளிமலை பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் குடல் வாய்க்கு வந்து திரும்பிப் போக, மூவரும் மேலே போய் இறங்கினோம். உலகத்தரம் வாய்ந்த எங்கள் ஆராய்ச்சிக்குக் கிடைத்தது காலால் மிதிக்கும் நாலு பேர் படகு. முன் இருக்கையில் வீட்டுக்காரரும் அண்ணியும் மிதித்தார்கள். பின்னால் நான் செல்போனோடு அலையைப் படம் பிடிக்கத் தயாரானேன். அப்படி எழுந்த அலையில் ஒரு மெதுவடைகூடச் சறுக்கியிருக்காது.

கம்பெனிக் குறிப்பின்படி கனம் பின்னால் இடப்பக்க மூலைக்கு வர வேண்டும் என்றேன். அண்ணி எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போதவில்லை என்று வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. வீட்டுக்காரர் எட்டி மிதிகட்டையைக் கையால் சுற்றினாரே தவிர, அடியிலிருந்த துடுப்புச் சக்கரம் காற்றைத்தான் கடைந்தது. இடப்பக்க விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து அண்ணியின் செருப்பை நனைத்தது. கம்பெனி சொன்னபடி படகுக்குள் ஏரி நீரை ஏற்றியாகிவிட்டது. அலையைத்தான் காணோம்.

கரையில் விசில் ஊதினார்கள். அங்கே வேலை செய்பவர் ஒருவர் மோட்டார் படகில் வந்து சேர்ந்தார். எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

“மூணு பேரும் ஒரே மூலையில குந்திக்கினு இன்னாங்க பண்றீங்க?”

ஆராய்ச்சி என்று நான் தொடங்குவதற்குள், காற்று வாங்குகிறோம் என்றார் வீட்டுக்காரர். வந்தவர் அண்ணியை மட்டும் கைத்தாங்கலாகத் தன் படகுக்கு மாற்றினார். அந்தப் படகின் வலப்பக்கம் முழுக்க மிதவைச் சட்டைகளும் டீசல் கேனும். காலியாக இருந்தது பின்னால் இடப்பக்க மூலைதான். “இப்படிக் குந்துங்கக்கா. நவுராதீங்க” என்றார். எங்கள் படகைக் கயிற்றால் பின்னால் கட்டினார். மலை மேல் மழை இறங்கிக்கொண்டிருந்ததால் வேகமாகவே கிளப்பினார்.

மோட்டார் படகின் வால் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் அமுங்கியது. அமுங்கிய இடத்தில் ஏரி பள்ளமாகி, பின்னாலேயே மேலெழும்பி வந்தது. வலப்பக்கம் சோப்பு நுரை மாதிரி எல்லாம் கலைந்து போயிற்று. அண்ணி இருந்த பக்கத்தில் மட்டும் ஒரு சரிவு, நுரையே இல்லாமல், கண்ணாடி மாதிரி வழவழப்பாக நீண்டு வந்தது. எங்கள் படகு அந்தப் பக்கம் ஒதுங்கியது. பின்புறத்தை யாரோ கை வைத்துத் தள்ளுவது போலிருந்தது. முன்னால் பார்த்தேன். இழுத்துக்கொண்டிருந்த கயிறு தொய்ந்து தண்ணீரில் கிடந்தது.

இரண்டு மூன்று நொடிதான் இருக்கும். எங்களைக் கயிறு இழுக்கவில்லை, அலை கொண்டு போயிற்று. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகு கயிறு வெடுக்கென்று இறுகி, நான் முன் இருக்கையில் முட்டிக்கொண்டேன். செல்போனில் பதிவானது என் முழங்கால்.

கரையேறியதும் அண்ணி, தன்னை மட்டும் மரியாதையாகத் தனிப் படகில் கூட்டி வந்ததைப் பற்றி அங்கிருந்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். காரணத்தை விளக்க நானும் போகவில்லை, வீட்டுக்காரரும் போகவில்லை.

மறுநாள் உட்கார்ந்து மொத்தத்தையும் புதிதாக எழுதினேன். படகு அமுங்கினால் அதே அளவு தண்ணீர் வேறெங்காவது எழுந்துதானே ஆக வேண்டும்? படகின் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் வாலுக்குப் பின்னால் வந்து மோதிக்கொள்வதால்தான் நுரை. தகடு ஒரு பக்கத்துத் தண்ணீரைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது, அந்த இடைவெளியில் மறுபக்கம் வழவழப்பாகிறது. தகடு இல்லாத காலத்தில் கனத்தை ஒரே பக்கம் குவித்து இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். ரொம்ப வேகமாகப் போனால் அலை தட்டையாகிவிடும், ரொம்ப மெதுவாகப் போனால் எழவே எழாது. எல்லாம் எழுதினேன். கயிற்றை எறியவும் சொன்னேன்.

அதிகாரி இந்த முறை ஒரே ஒரு சொல்லை மாற்றினார். படகில் ஏற்றும் கனத்துக்கு அரைநாள் யோசித்து நான் வைத்திருந்த ‘நிலைப்பாரம்’ போய் ‘பேலஸ்ட்’ வந்தது. மக்களுக்குப் புரிய வேண்டுமாம்.

பக்கங்கள் வெளியானதும் அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் செல்போனில் முதலிலிருந்து கடைசி வரை படித்தார். இதுவரை அதைப் படித்த ஒரே தமிழ் வாசகி அவராகத்தான் இருக்கும். தன்னைப் பற்றி எங்கே என்று கேட்டார். எடையை இடப்பக்கப் பின்மூலையில் கூட்டச் சொல்லும் வரியைக் காட்டினேன். அதை இரண்டு தரம் படித்தார்.

“எடைன்னு போட்டுக்கிற. ஒரு மனுஷின்னு போட்டா கம்மியாப் பூடுமா?”

ஆங்கிலத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனேன்.