பரீதா குந்திய குளம்

காய்ந்துபோகும் குளத்துக்கு ஒரு மணம் உண்டு. பாசியும் சேறும் மீன் வெடிலும் கலந்து, லிங்கநகரில் எங்கள் குசினி யன்னலால் நுழைந்து சோற்றுக் கோப்பை வரைக்கும் வந்துவிடும். ஐப்பசி பிறந்தும் மழை எட்டிப் பாராத ஒரு வருடம், பின்வேலிக்கு அப்பாலிருந்த குளம் வற்றி ஒரு பாயகலக் குழியாகச் சுருங்கியது. சுற்றிவரக் கொக்குகளும் நாரைகளும் பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றன. குழிக்குள் ஒரு பெரிய விரால், இடைக்கிடை மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும்.

அதைச் சாகவிடுவதில்லை என்று நானும் பக்கத்து வீட்டுப் பரீதாவும் முடிவெடுத்தோம். பள்ளிக்கூடம் விட்டதும் கிணற்றில் அள்ளி, வாளி வாளியாகச் சுமந்துபோய் ஊற்றினோம். சேறு உறிஞ்சிவிடும், மறுபடியும் ஊற்றுவோம். "கிணறும் வத்தப்போகுது, ரெண்டு பேருக்கும் விசரா?" என்று அம்மா கத்தினார். விசர்தான். கை காய்த்துப்போன பிறகு விட்டுவிட மனம் வருமா?

ஒரு பின்னேரம் பரீதாவின் வாப்பா "கரப்பு" என்ற அடியில்லாத கூடையோடு வந்தார். அதைச் சேற்றில் கவிழ்த்தால் உள்ளே அகப்பட்ட மீன் தப்பாது. கடல் கொந்தளித்து அவர் தோணி இறக்காத வாரம் அது; வீட்டில் கறிக்கு வழியில்லை. அது தெரிந்தும் பரீதா, சீருடையைக்கூட மாற்றாமல், நேரே போய்க் குழிக்குள் குந்திவிட்டாள்.

"எழும்புங்க மகள்."

"ஏலா வாப்பா. வேணுமெண்டா என்னையும் சேத்துக் கவுத்துப் போடுங்க."

அவர் தூக்கிய கரப்பைத் தாழ்த்தினார். பிறகு, "இவட உம்மாவும் இப்பிடித்தான்" என்று என்னிடம் முறையிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அன்றைக்கு அவர்கள் வீட்டில் வெறும் பருப்பு. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை; பரீதா இரண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டாளாம்.

மழை வந்தது, குளம் நிரம்பியது, எங்கிருந்தோ தாராக்கள் வந்திறங்கின, கரையில் ஆமைகள் வெயில் காய்ந்தன. அதற்குப் பிறகு விரால் ஒருநாளும் எங்களுக்கு முகம் காட்டவில்லை. அந்த நன்றிகெட்ட மீனுக்காக நாங்கள் துள்ளிய துள்ளல்!

இப்போது பாதிக் குளத்தை மண் போட்டு மூடி மதில் எழுப்பியாயிற்று. தாராக்கள் வருவதில்லை, ஆமைகளைக் காணோம். ஐப்பசியில் கொக்குகள் மட்டும் வந்து மதிலில் நின்று கீழே பார்க்கின்றன. மிச்சப் பாதிக்கும் இன்று காலை மண் டிப்பர் வந்தது. மூதூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் பரீதாவுக்குப் போன் எடுத்தேன். "அடுத்த பஸ்ஸில வாறன். அதுவரைக்கும் ஒரு கதிரையப் போட்டு வழியில இரி" என்றாள்.

இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். டிப்பர்காரத் தம்பி ஹோர்ன் அடிக்கிறான். அடிக்கட்டும்.