முதுகு காட்டாத யூனுஸ்

"டைகர் யூனுஸை ஆளாக்கினது எங்கள் மதராஸ் கம்பெனி" என்று எவனாவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். பத்து வருஷமாக இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காப்பிக்கடையில் கேட்டேன், ரயிலில் கேட்டேன், என் சொந்த மச்சான் வாயாலேயே கேட்டேன். அவனோடு ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. டைகராம், டைகர்! அந்தப் பெயரை வைத்த ஆள் ஒரு நாளாவது யூனுஸின் முதுகைப் பார்த்திருப்பாரா? நான் பார்த்திருக்கிறேன். அதுதான் என் வேலை.

வேலை என்னவென்று சொன்னால்தான் விஷயம் விளங்கும். மாட்டுத்தாவணித் திடலில் அழகுமலை அண்ணன் குஸ்திக் கொட்டகை போட்டிருந்தார். கீற்றுக் கொட்டகை, நடுவே செம்மண் கோதா. ராமக்காள் கழுதைப் பொதியில் கண்மாய் மண் கொண்டுவந்து தட்டுவாள். அதைச் சலித்து, மோரும் நல்லெண்ணெயும் மஞ்சளும் விட்டுப் பிசிறி, விழுகிறவன் எலும்பு முறியாதபடி பதமாக வைத்திருப்பது என் பொறுப்பு. சண்டை முடிந்ததும் முதுகு பார்ப்பதும் என் பொறுப்பு. இரண்டு தோள்பட்டையிலும் மண் அப்பியிருந்தால் ஆள் தோற்றவன். ஒன்றில் மட்டும் என்றால் தோல்வி இல்லை. புழுதி ஒட்டுவது வேறு, பாரத்தில் அழுந்தி அப்புவது வேறு. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். விசில் வைத்துக்கொண்டு நடுவர் ஒருவர் நிற்பார்தான். ஆனாலும் சனம், "மருது, முதுகு!" என்றுதான் கத்தும். நான் போய் ஆளைத் திருப்பிக் காட்டினால்தான் அடங்கும்.

முப்பத்து நாலாம் வருஷம் யூனுஸ் வந்தான். கோரிப்பாளையத்தில் மெத்தை தைக்கிற அப்துல் அலீம் ராவுத்தரின் மகன். மரக்கடையில் கட்டை தூக்கித் தூக்கி உடம்பு தேக்கு மாதிரி ஆகியிருந்தது. முதல் சண்டையில் திண்டுக்கல் ஆள் ஒருவனைக் கால் நாழிகையில் சாய்த்துவிட்டான். வழக்கம் போல நான் போய், "திரும்புப்பா, முதுகைக் காட்டு" என்றேன்.

"காட்ட மாட்டேண்ணே."

"ஏன்டா?"

"எங்க அத்தா சொல்லித்தேன் அனுப்புனாக. செத்தாலும் முதுகு காட்டாதே, காட்டுனா வீட்டுப் படி ஏறாதேன்னு."

"அடேய், அது ஓடுறவன் காட்டுற முதுகுடா! இது மண்ணு பாக்குற முதுகு!"

"எனக்கு இருக்குறது ஒரு முதுகுதேண்ணே."

நான் அவன் பின்னால் போனேன். அவனும் கூடவே சுற்றி என் முகத்துக்கு நேராக நின்றான். இடப்பக்கம் போனேன், இடப்பக்கம் திரும்பினான். செக்கு மாடு மாதிரி கோதாவை நான் மூன்று சுற்றுச் சுற்றினேன். கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் கூட்டத்துக்குள்ளிருந்து அப்துல் அலீம் எழுந்து, "காட்டித் தொலைடா! நான் சொன்னது அந்த முதுகு இல்லடா!" என்று கத்தினார். அப்புறம்தான் திரும்பினான். ஒரு பொட்டு மண் இல்லை.

மறுநாள் அழகுமலை அண்ணன் அடித்த நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருந்தது: முதுகு காட்டாத யூனுஸ். ஒரு பையனின் அசட்டுத்தனத்தை ஊரே வாய்விட்டுச் சொல்கிற பெயராக மாற்றினாரே, அது சாமர்த்தியம் இல்லையா? மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவன் ஜெயித்தால், "முதுகைக் காட்டு மாப்ள, உங்க அத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாக!" என்று கேலி பண்ணினார்கள். மூன்று வருஷம் அவனை ஒருவனும் சாய்க்கவில்லை.

பிறகு ஹாலாஸ்யம் வந்தார். பெயர் மதுரைக்கே உள்ள பழைய பெயர், ஆள் முழு மதராஸ். அங்கே ஒரு குஸ்திக் கம்பெனிக்கு மானேஜர். யூனுஸைக் கூட்டிக்கொண்டு போய் பட்டு அங்கி போட்டு, டைகர் என்று பெயர் வைத்து, மின்சார விளக்குக்குக் கீழே நிறுத்தினார். மண் கிடையாது, கித்தான் போர்த்திய மெத்தை. கித்தானில் முதுகு விழுந்தால் என்ன ஒட்டும்? வேர்வைதான். நடுவர் எண்ணுகிற எண்ணிக்கைதான் தீர்ப்பு. எண்ணுகிறவனை முன்கூட்டியே சரிக்கட்டிவிட்டால் எவனையும் ஜெயிக்க வைக்கலாம், எவனையும் தோற்க வைக்கலாம்.

முப்பத்து எட்டில் அந்தக் கம்பெனி மாட்டுத்தாவணிக்கே வந்து கூடாரம் அடித்தது. டைகர் யூனுஸ் எதிர் பஞ்சாப் நாஹர் சிங். சண்டைக்கு முதல் நாள் மத்தியானம் யூனுஸ் என் வீட்டுக்கு வந்தான். வைத்த சோற்றைத் தொடவில்லை.

"என்னடா?"

"நாளைக்கு நான் தோக்கணுமாம்ணே. அடுத்த ஞாயித்துக்கிழமை ஜெயிக்கணுமாம். அப்பத்தேன் ரெண்டு ஆட்டத்துக்கும் கூட்டம் நிறையுமாம்."

"நீ என்ன சொன்னே?"

"மத்த ஊருன்னா போகட்டும்ணே. கோரிப்பாளையத்துல எங்க அத்தா எந்த மூஞ்சியோட தெருவுல நடப்பாக? இந்த ஊரு வச்ச பேருல்ல அது?"

"முடியாதுன்னு சொல்லிரு."

"சொன்னா வேற ஆள எறக்குவாக. பயந்து ஓடிட்டான்னு நோட்டீஸ் அடிப்பாக. அப்ப நெசமாவே முதுகு காட்டுனவனாயிருவேன்."

நான் சோற்றுத் தட்டை மூடி வைத்தேன். பிறகு அவனே, "மெத்தையிலதேண்ணே இந்த வேலையெல்லாம் நடக்கும். மண்ணுல நடக்குமா?" என்றான். அப்படியே எழுந்து அழகுமலை அண்ணனிடம் போனோம். மூன்று வருஷம் வளர்த்த ஆளைப் பறிகொடுத்தவர் அவர். விரட்டிவிடுவாரென்று நினைத்தேன். அவரோ மீசையைத் தடவிக்கொண்டு, "என் கோதா மண்ணைத் தாரேன். அள்ளிட்டுப் போங்க. முதுகு பாக்குறது மட்டும் மருதுவா இருக்கணும்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் கூடாரம் நிரம்பி வழிந்தது. யூனுஸ் பட்டு அங்கியைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு லங்கோட்டோடு மெத்தை மேல் ஏறினான்.

"எங்க அத்தா மெத்தை தைக்கிறவுக. மெத்தை எதுக்குன்னு எனக்குத் தெரியும், தூங்குறதுக்கு! குஸ்திக்கு மண்ணைப் போடுங்க!"

ஹாலாஸ்யம் ஓடிவந்தார். "என்னப்பா இது? ஒப்பந்தத்துல மெத்தைன்னுதானே இருக்கு?"

"அப்ப நீங்களே படுத்துக்கங்க சாமி!" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். ராமக்காள், தலையில் கூடையோடு. அவளுக்குப் பின்னால் கோரிப்பாளையத்து ஆட்கள் ஐம்பது பேர், ஆளுக்கொரு கூடை. சனம், "மண்ணைப் போடு! மண்ணைப் போடு!" என்று தரையை உதைத்தது. மெத்தையை உருட்டி எறிந்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் கோதா தயார். ஹாலாஸ்யம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நாஹர் சிங் என்ன செய்வானோ என்று பார்த்தேன். அந்த மலை குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்தது. "மிட்டி!" என்று மண்ணைத் தன் பாஷையில் சொல்லிச் சிறு பிள்ளை மாதிரி சிரித்தது. நெற்றியில் பூசிக்கொண்டது. அவனும் மண்ணில் வளர்ந்தவன்தானே! மெத்தை அவனுக்கும் கசந்திருக்கும்.

அதற்கப்புறம் நடந்தது குஸ்தி. யானையும் யானையும் முட்டுகிற மாதிரி முட்டிக்கொண்டார்கள். ஒருவன் பிடி போட்டால் மற்றவன் உடைத்தான், உடைத்தால் மறுபிடி போட்டான். திடீரென்று நாஹர் சிங் யூனுஸை இடுப்போடு தூக்கி அடித்தான். இடது தோள் மண்ணில் புதைந்தது. பஞ்சாப்காரன் பாரம் முழுவதும் மேலே. வலது தோளுக்கும் மண்ணுக்கும் நாலு விரல்கடைதான் இடைவெளி. அப்பியிருந்தால் அப்பியிருக்கிறது என்றுதான் நான் சொல்ல வேண்டும். யூனுஸ் என்றாலும் அப்படித்தான். அதைச் சொல்லிவிட்டு அப்துல் அலீம் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

யூனுஸ் கழுத்தை ஊன்றினான். நரம்பு கயிறாக முறுக்கேறியது. மூச்சை இழுத்து ஒரே வெட்டாக வெட்டிப் புரண்டான். கீழே இருந்தவன் மேலே, மேலே இருந்தவன் கீழே. நாஹர் சிங்கின் மார்பில் மார்பை வைத்து அழுத்தினான். திமிறிப் பார்த்த நாஹர் சிங் கடைசியில் அவன் முதுகில் தட்டிக்கொடுத்துச் சிரித்தான். நடுவர் விசில் ஊதினார்.

"மருது, முதுகு!"

பஞ்சாப்காரனுக்கு இரண்டு பக்கமும் அடை மாதிரி மண். யூனுஸை நான் திருப்பவே இல்லை. அவனே நாலு திசைக்கும் திரும்பித் திரும்பிக் காட்டினான். இடப்பக்கம் மண், வலப்பக்கம் வெறும் வேர்வை. நான் கையை உயர்த்தினேன். எழுந்த சத்தத்தில் வெளியே கட்டியிருந்த மாடுகள் முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினவாம். நாஹர் சிங்கே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டான். அப்துல் அலீம் அழுதுகொண்டே எல்லோருக்கும் கை கொடுத்தார், ஹாலாஸ்யத்துக்கும் சேர்த்து.

அந்த ஹாலாஸ்யமோ விடிவதற்குள் ஊரெங்கும் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்: "எங்கள் கம்பெனி உருவாக்கிய டைகர் யூனுஸ் மகத்தான வெற்றி!" எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கோரிப்பாளையம் முக்கில் மூன்று நோட்டீஸைக் கிழித்துவிட்டு நாலாவதில் கை வைத்தபோது ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. யூனுஸ் இறங்கினான். அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு இனி வேலை இல்லாததால் மதராஸ் ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு கொழும்பு, பினாங்கு என்று போய், உலக யுத்த காலத்தில் அங்கேயே நின்றுவிட்டான். இப்போது பினாங்கில் சொந்தமாகக் கோதா நடத்துகிறான், செம்மண் கோதா. கடுதாசி வருகிறது. ஆளை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கிழிக்காதீங்கண்ணே. அவரு இல்லேன்னா திண்டுக்கல்லுக்கு அங்கிட்டு என்னை எவனுக்குத் தெரியும்? வெளிச்சம் போட்டவரு அவருதேன்."

"அப்ப அழகுமலை அண்ணன் யாருடா?"

அவன் ஜட்காவிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து என் கையில் வைத்தான். அச்சு மை இன்னும் காயவில்லை. நீளத் துண்டு நோட்டீஸ்கள்: "முதுகு காட்டாத யூனுஸ். பெயர் வைத்தது மதுரை அழகுமலை குஸ்திக் கொட்டகை."

"வெளிச்சம் வாரதுக்கு முந்தி ஆளு இருக்கணும்ல? எல்லா நோட்டீஸுலயும் இதையும் சேத்து ஒட்டிருங்கண்ணே."

"எங்கடா ஒட்ட? கீழேயா?"

ஜட்கா நகர்ந்துவிட்டது. அவன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"மேலண்ணே, மேல! அவரு பேரு மறையாம, அண்ணன் பேரு மேல இருக்குற மாதிரி ஒட்டுங்க!"