பதினேழாம் கேள்விக்கு வந்த "இல்லை"

1. ஜன்னலோர நாற்காலி

அன்று நான் செய்த முதல் தவறு, நாற்காலி மாறி உட்கார்ந்தது.

நேர்காணல் அறையில் கதவுப் பக்கத்து நாற்காலி எப்போதும் நமக்கு. பதில் சொல்ல வருபவர் உள்பக்கம் உட்கார வேண்டும். ஏதாவது நடந்தால் நாம் வெளியே போக வழி இருக்கவேண்டும் என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அன்று ஏர்கோன் பழுது. ஜோர்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடி அது. பதினொரு மணிக்கே அறை கொதித்தது. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு வெக்கை தாங்காது. காற்று வந்த ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். வந்தவர் எனக்கும் கதவுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

அவரைத் தனபாலன் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை.

நான் இருபத்தாறு வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். ரிட்டையரான பிறகு, தமிழ், மலாய், ஹொக்கியன் சீனம் மூன்றும் பேசுவேன் என்பதற்காக இந்த ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். போதைப்பழக்கம் உள்ளவர்களின் மனநிலையை ஆராய்வதுதான் வேலை. ஷாபு என்ற போதைப்பொருள் எடுக்கிறவருக்குச் சந்தேகமும் பயமும் வருகின்றன. அது ஷாபுவால் வந்ததா, முதலிலேயே இருந்த மனநோயை மறக்கத்தான் ஷாபுவைத் தொட்டாரா? இதைக் கண்டுபிடிக்க டாக்டர் நசீர் ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தார். அவர்தான் எங்கள் தலைவர், மனநல மருத்துவர். ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கியது நான். அதை இன்னொருவர் மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை என்றார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

தனபாலனுக்கு முப்பத்தெட்டு வயது. ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். ஷாபு பழக்கத்தால் வேலை போயிருந்தது. மூன்று வாரமாகத் தொடவில்லை என்றார். சட்டையை இன் செய்து, தலை சீவி வந்திருந்தார். மனைவி கோமதி கீழே காத்திருந்தாள். தனபாலன் மடியில் ஒரு நீளமான துணிப்பை. அதைக் கீழே வைக்கவே இல்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்விகளுக்கு மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பதினேழாவது கேள்வி: "மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் உங்களுக்குக் கேட்டதுண்டா?"

"இல்லக்கா."

"இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும்போது பேனாவை நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "அக்கா, மேல்வீட்டு ஆளு இங்கயும் வந்து பேசுறானே, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"எந்த மேல்வீட்டு ஆளு தம்பி?"

"ஏழாவது மாடி அங்கிள். சீனக் கிழவன். ராத்திரி பகல்னு இல்ல, என்னைப் பத்தியே பேசுறான். ஃப்ளெட்ல எல்லாருக்கும் கேக்குது. எல்லாரும் கேட்டுட்டுச் சும்மா இருக்காங்க லா."

 அவர் பொய் சொல்லவில்லை. மற்றவர்களுக்குக் கேட்காத குரல் அவருக்குக் கேட்கவில்லைதான். அவருக்குக் கேட்ட குரல் எல்லாருக்கும் கேட்கிறது என்று அவர் நம்பினார். நான் கேட்ட கேள்விக்கு "இல்லை" என்பதுதான் அவருடைய நேர்மையான பதில்.

"என்ன சொல்றாரு அவரு?"

"எம் மகள தூக்கிருவானாம். இன்னிக்கு, ஸ்கூல் விட்டதும்." பையைத் தட்டினார். உள்ளே இரும்புச் சத்தம் கேட்டது. "அதுக்கு முன்னாடி நான் அவன் வீட்டுக்குப் போயிருவேன். பாராங் புதுசா வாங்கிட்டேன்."

பாராங் என்றால் புதர் வெட்டும் நீளக் கத்தி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று நாற்பது. பள்ளி விடுவது ஒன்று பத்துக்கு. கதவு அவருக்குப் பின்னால் இருந்தது.

"உங்களுக்கும் கேக்குதுதானே?" என்றார்.

 ஆமாம் என்றால் அவர் கத்திக்கு நான் சாட்சி ஆகிவிடுவேன். உங்கள் பிரமை என்றால் நானும் எதிரி. பிரசவ வார்டில் கத்துகிற பெண்களிடம் பொய் சொல்லாமல் பேசித்தான் எனக்குப் பழக்கம். அதையே செய்தேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல தம்பி. ஆனா நீங்க ரொம்பப் பயந்து போயிருக்கீங்க. அது எனக்குத் தெரியுது."

அவர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "கேக்கலயா? நீங்களும் அவன் ஆளா?"

நான் எழவில்லை.  இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தேன்.

"கதவு உங்க பக்கம்தான் இருக்கு. எப்ப வேணும்னாலும் போலாம், நான் பிடிக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. தூங்கி எத்தன நாளாச்சு?"

கண்ணைக் கசக்கிக்கொண்டார். கண் சிவந்திருந்தது. "நாலு நாளு. தூங்கினா புள்ளைய யாரு பாக்கிறது?"

அந்த "யாரு பாக்கிறது" எனக்கு ஒரு வழியைக் காட்டியது. அந்தக் கிழவரைப் பற்றி இனி பேசவேண்டாம், மகளைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன்.

"புள்ள பத்திரமா இருக்கணும். அவ்வளவுதானே? கோமதி கீழதான இருக்கு. இப்பவே காடி புக் பண்ணி ஸ்கூலுக்குப் போய், டீச்சர்கிட்ட சொல்லிக் கூட்டிட்டு, நேரா அவுங்க அம்மா வீட்டுக்குப் போகட்டும். அங்க ஏழாவது மாடியே இல்லல்ல?"

"தரை வீடு," என்றார் மெதுவாக.

"கூப்பிடவா?"

தலையாட்டினார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கோமதிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துப் பேசினேன். ஒளித்துப் பேசினால் அவர் என்னை நம்பப்போவதில்லை. கோமதி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "இப்பவே போறேங்க்கா" என்றாள். அவளுக்கு இது புதிதில்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

அடுத்ததுதான் கஷ்டமான காரியம். டாக்டர் நசீர் அன்று செபராங் ஜெயாவில் ஒரு மீட்டிங்கில் இருந்தார். கடல் பாலம் தாண்டி வரவேண்டும்.

"தம்பி, டாக்டருக்கும் போன் பண்ணப் போறேன். உங்க முன்னாலதான் பேசுவேன்."

"ரகசியம்னு சொன்னீங்க! அப்ப நீங்களும் பாலீஸ்தான். என்னைய லோக்காப்புல போடத்தான் கூப்பிட்டீங்களா?"

அவருக்கு லோக்காப்பில் அடைபட்ட அனுபவம் இருந்தது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல முடியாது. சம்மதப் படிவத்தை எடுத்து அவர் பக்கம் திருப்பினேன். உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுவோம் என்ற வரியில் விரலை வைத்தேன். கீழே காலையில் அவர் போட்ட கையெழுத்து.

"இதக் காலையில வாசிச்சுக் காட்டினேன்ல? பாலீசுக்குன்னு இல்ல, டாக்டருக்குன்னுதான் போட்டிருக்கு. அத மீற மாட்டேன். ஆனா நீங்க இந்தப் பையோட அங்க போனீங்கன்னா அப்புறம் எல்லாம் பாலீஸ் கையிலதான். புள்ளைக்கு யாரு இருப்பா?"

அவர் அந்த வரியை விரல் வைத்து வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். விழுந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். பையை மட்டும் விடவில்லை.

அவர் கேட்கும்படியே டாக்டருக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். டாக்டர் வர ஐம்பது நிமிடம் ஆனது. பாலத்தில் ஜாம். அந்த ஐம்பது நிமிடமும் நான் எதைப் பேசினேன் என்று எனக்கே முழுதாக ஞாபகமில்லை. மகளுக்குப் பிடித்த சாப்பாடு, ஃபோர்க்லிஃப்ட் எப்படித் திருப்புவது, இப்படி எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தேன். நடுநடுவே அவர் கூரையைப் பார்த்து "வாய மூடு" என்பார். அப்போதெல்லாம் நான் பேச்சை நிறுத்திக் காத்திருப்பேன். பன்னிரண்டரைக்குக் கோமதி போன் செய்து மகளைப் பேசவைத்தாள். "அப்பா, ஏன்பா பாதியிலயே வரச் சொன்ன? இன்னிக்கு ஆர்ட் கிளாஸ்பா!" என்று பிள்ளை கோபமாகக் கேட்டது. தனபாலன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் பையைத் தரையில் வைத்து, காலால் என் பக்கம் தள்ளினார்.

டாக்டர் மூச்சிறைக்கப் படியேறி வந்தபோது பை என் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அவர் சலாம் சொல்வதுபோல நெஞ்சில் கை வைத்து, "தனபாலன், நாலு நாளா தூங்கலயாமே. மொதல்ல தூக்கத்துக்கு ஒரு வழி பண்ணுவோமா?" என்றார். ஒரு மணிநேரப் பேச்சுக்குப் பிறகு தனபாலன் தன் காலால் நடந்து டாக்டர் காடியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அவர்கள் போன பிறகு பையைத் திறந்தேன். விலைச்சீட்டுகூடக் கிழிக்காத பாராங். அதன்கீழே மடித்து வைத்த ஒரு சின்ன மழைக்கோட்டு, பெண்பிள்ளை அளவில். வேலை முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விடலாம் என்று நினைத்திருப்பார் போல. 

2. அமெண்ட்மெண்ட்

மறுநாள் டாக்டரிடம் கேள்வித்தாளை நீட்டினேன். "பதினேழாம் கேள்வியை மாத்தணும் டாக்டர்."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "சிஸ்டர், பாதி சேம்பிள் எடுத்தாச்சு. இப்ப மாத்தினா முன்னாடி எடுத்ததோட ஒப்பிட முடியாது. எதிக்ஸ் கமிட்டிகிட்ட அனுமதி கேட்டு அமெண்ட்மெண்ட் எழுதணும். மாசக்கணக்குல ஆகும். உலகம் பூரா இந்தக் கேள்வியத்தான் கேக்குறாங்க."

"கேட்டுட்டு அங்க என்ன பண்றாங்கன்னு எனக்குத் தெரியாது. இங்க அந்த வரிய எழுதினது நான். அவரு பேனாவ நிறுத்தாமக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருந்தா, அவர் ஃபார்ம்ல 'இல்லை'ன்னு இருக்கும். மேல்வீட்டு அங்கிள் உயிரோட இருந்திருக்க மாட்டாரு."

டாக்டர் கேள்வித்தாளை வாங்கிப் பதினேழாம் கேள்வியை மறுபடி வாசித்தார். கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே பதில் சொல்லவேண்டியவர்கள் இருந்தார்கள். கடைசியில், "பழைய கேள்வி அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ இன்னொண்ணு சேர்ப்போம். அமெண்ட்மெண்ட் நான் எழுதறேன். வார்த்தை நீங்க சொல்லுங்க," என்றார்.

அந்த ஒரு வரிக்கு எனக்கு ஒரு வாரம் பிடித்தது. புத்தகத் தமிழை விட்டுவிட்டு, ஜனங்கள் பேசுகிற மாதிரி எழுதினேன்: "உங்களைப் பற்றி யாராவது பேசுவது காதில் விழுகிறதா? யார்? எங்கிருந்து?"

அதோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை. இதுவரை நான் "இல்லை" என்று டிக் போட்டவர்கள் இருந்தார்களே. டாக்டரிடம் அனுமதி வாங்கி, என் கையால் எடுத்த எல்லாருக்கும் போன் செய்தேன். பெரும்பாலானவர்களுக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லை. இரண்டு பேர் சற்றுத் தயங்கி, "அது இருக்குக்கா, சுவத்துக்கு அந்தப் பக்கம்," என்றார்கள். இரண்டு பேரும் டாக்டரைப் பார்க்க வந்தார்கள்.

ஒரே ஒருவருடைய போன் மட்டும் வேலை செய்யவில்லை.

3. தாசேக் கெலுகோரில்

அவரை மாணிக்கம் என்று சொல்கிறேன். தாசேக் கெலுகோர் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கும் வேலை. தனி ஆள். ஐந்து மாதத்துக்கு முன் என்னிடம் பதில் சொல்லியிருந்தார். நிறையச் சிரித்தார் என்று என் குறிப்பில் எழுதியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை நான் குடியிருக்கும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து என் காடியிலேயே போனேன். அவர் தங்கியிருந்த வரிசைவீடு பூட்டிக் கிடந்தது. எதிரில் மளிகைக்கடை. ஆராய்ச்சி பற்றி ஒன்றும் சொல்லாமல், தெரிந்தவள் என்று மட்டும் சொல்லி விசாரித்தேன்.

"மாணிக்கமா? போய் ரெண்டு மாசம் இருக்கும்," என்றார் கடைக்காரர். "நல்ல மனுசன்க்கா. யாருக்கும் தொல்லை இல்ல. என்ன, தனியா நின்னு பேசிட்டே இருப்பாரு. யாரோட பேசுறீங்கன்னு கேட்டா, 'ஏன், உனக்குக் கேக்கலயா?'ன்னு சிரிப்பாரு."

"எங்க போனாரு?"

"தெரியல லா. ஒருநாள் காலையில சாமான்கூட எடுக்காம நடந்து போயிட்டாரு. கூப்பிட்டுட்டாங்க, போகணும்னு சொன்னாராம்."

யார் கூப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. காடியில் உட்கார்ந்து டாக்டருக்குப் போன் செய்தேன். டாக்டர் அவருக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிகளிலெல்லாம் விசாரித்தார். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

தனபாலன் ஆறு மாதம் கழித்து ஃபாலோ-அப்புக்கு வந்தார். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, மாத்திரையால் வந்த எடை என்றார். நடுவில் ஒரு தடவை ஷாபு தொட்டதையும் மறைக்கவில்லை. குரல் ஒரேயடியாக நிற்கவில்லை. "காதுல விழுதுக்கா. ஆனா இப்ப கோமதியக் கேப்பேன், உனக்குக் கேக்குதான்னு. அவ இல்லன்னு சொன்னா நம்பிருவேன். கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா நம்பிருவேன்," என்றார். மகள் ஆர்ட் கிளாஸில் வரைந்த படம் ஒன்றைப் போனில் காட்டினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. கதவுப் பக்கம் உட்காருங்கள். சம்மதப் படிவத்தை வேகமாக வாசிக்காதீர்கள். ஒருநாள் அந்த ஒரு வரிதான் உங்களுக்குத் துணை. பொய் சொல்லாதீர்கள், வாதாடவும் வேண்டாம். இவையெல்லாம் கையேட்டிலேயே இருக்கின்றன.

கையேட்டில் இல்லாததை நான் சொல்கிறேன். ஒருவர் "இல்லை" என்று சொன்னால், உங்கள் கேள்வியை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று இன்னொரு தரம் கேளுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். மாணிக்கத்திடம் அந்த இரண்டு நிமிடம் நான் உட்காரவில்லை. அன்று கடல் தாண்டி வீட்டுக்குப் போக எனக்கு நாலு மணி ஃபெரியைப் பிடிக்கவேண்டியிருந்தது.