சுபத்திரா டொக்டர் போட்ட சண்டை

சுபத்திரா டொக்டர் காலமாகிவிட்டார் என்ற செய்தி, நான் ஆய்வுகூடத்தில் வேலையாக இருந்தபோது தொலைபேசியில் வந்தது. பிற்பகலே அஞ்சலிப் பிரசுரமும் வந்துவிட்டது. "எவரோடும் முரண்படாதவர்" என்று அதில் போட்டிருந்தார்கள். எழுதியவர் அவரை அறியாதவராக இருக்க வேண்டும்; அல்லது மிக நன்றாக அறிந்தவராக. அவரோடு வேலை செய்த எங்களுக்கு உண்மை தெரியும்.

போரின் கடைசி ஆண்டுகள். ஈச்சிலம்பற்றிலிருந்து இடம்பெயர்ந்து, நிலாவெளிப் பக்கம் முகாமில் இருந்த ஒரு வயற்காரரை எங்கள் ஆஸ்பத்திரி வார்டுக்குத் தூக்கி வந்தார்கள்; இரத்தம் எடுக்க நானும் அங்கே நின்றேன். கரைவலைக்காரர் கழித்து எறிந்த மீனைப் பொறுக்கிக் கறி வைத்துச் சாப்பிட்டிருந்தார். பேத்தை மீன். கடற்கரையில் எவரும் அதைத் தொடமாட்டார்கள். வயற்காரருக்கு அது தெரியாது.

"நான் சாப்பிடேல்ல டொக்டர். கறி ஒராளுக்குத்தான் போதுமாயிருந்தது" என்றார் மனைவி. "வாய் விறைக்குது, கை விறைக்குது எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர்."

இப்போது இமைகூட அசையவில்லை. மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. கூடவே வந்த, சிவில் உடையில் இருந்த புலனாய்வுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இவர் புலி. குப்பி கடிச்சது. சயனைட். விடுங்க."

"குப்பி கடிச்ச ஆள் பின்னேரம் முழுக்க இருந்து பெஞ்சாதியோட கதைப்பாரோ?" தொண்டையில் குழாயை இறக்கி, காற்றுப்பையை அழுத்தத் தொடங்கினார் டொக்டர்.

"செத்த ஆளுக்கு ஏன் காத்து?"

"அவருக்குக் காது கேக்குது. இந்தக் கதையை வெளியில போய்க் கதையுங்கோ." வார்டின் மறுகோடிவரை அந்தக் குரல் போனது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. உடம்பு முழுவதும் ஓய்ந்திருக்க, இதயம் மட்டும் எப்படி அடிக்கிறது என்று கேட்டேன்.

"கம்பசில படிச்ச ஆளெல்லோ நீங்கள்?" என்றுவிட்டு, பையை அழுத்தியபடியே விளக்கினார். நரம்புக் கலங்களின் மென்சவ்வில் சோடியம் அயன்கள் நுழையும் கால்வாய்கள் உண்டு. பேத்தையின் நஞ்சு அவற்றின் வாயில் தக்கை போலச் செருகிக்கொள்ளும். இதயத்தின் கால்வாயில், அந்த வாயருகே ஓர் அமினோ அமிலம் மட்டும் வேறுபட்டது. நஞ்சு அங்கே இலகுவில் பிடிக்காது.

"அந்த ஒண்டாலதான் இவர் இருக்கிறார். கால்வாய் பழுதாகேல்ல, அடைபட்டிருக்கு. நஞ்சு விலகுமட்டும் நாங்கள் மூச்சுக் குடுப்பம். வாங்கோ, பையைப் பிடியுங்கோ."

மாறி மாறிப் பிடித்தோம். மறுநாள் குழாயை எடுத்ததும் அந்த மனிதர் முதலில் சொன்னது இதுதான்: "நான் குப்பி கடிக்கேல்ல."

எல்லாவற்றையும் கேட்டபடிதான் கிடந்திருக்கிறார்.

எழுந்து உட்காரத் தொடங்கிய அவரைச் சிவில் உடைக்காரர்கள் கட்டிலிலிருந்தே விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் வார்டு வாசலை மறித்து நின்று கத்தினார். அவரைத் தள்ளிவிட்டுத்தான் போனார்கள். அந்த மனிதர் திரும்பி வந்ததாக நான் இன்றுவரை கேள்விப்படவில்லை. டொக்டருக்கு இடமாற்றம் வந்தது. காரணம், மரியாதைக் குறைவான பேச்சாம்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பழக்கம். அசையாமல் கிடக்கும் நோயாளியிடம் இரத்தம் எடுக்கப் போனால், முதலில் என் பெயரைச் சொல்வேன். ஊசி குத்தப்போகிறேன் என்று சொல்வேன். கட்டிலருகே நின்று எவராவது அவரைப் பற்றிக் கதைத்தால் வெளியே போகச் சொல்வேன். போகாவிட்டால் சத்தம் போடுவேன்.