திகதி இல்லாத கிளாஸ்

யோகம் அக்கா போய்விட்டார் என்று அவருடைய தங்கை கொழும்பிலிருந்து அழைத்துச் சொன்னபோது, நான் ஒரு கலியாண ஓடருக்கு ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்தேன். "எந்த யோகம் அக்கா?" என்று கேட்டேன். கரவெட்டியில் எனக்குத் தெரிந்த யோகம் அக்கா ஒருவர்தான். தங்கை வீட்டில் கொஞ்ச நாள் நின்றுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர். வரும்போது நல்ல தூரிகை வாங்கி வருவதாகவும் சொன்னவர். புற்றுநோய் என்றும், போன வருடமே தெரியும் என்றும் தங்கை சொன்னார். தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான்.

ஊரில் நடந்த செத்தவீட்டுக்கு வந்த உங்களில் பலர் என் கையைப் பிடித்து, "கொழும்புக்குப் போகுமட்டும் நீங்கள்தானே பக்கத்திலை இருந்தனீங்கள்" என்றீர்கள். ஓம், பக்கத்தில்தான் இருந்தேன். ஒரே மேசையில், முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இந்த வேலையை நாங்கள் இருவரும் அவர் வீட்டுக் குசினியில், கைபேசியில் காணொளி பார்த்து ஒன்றாகத்தான் பழகினோம். எழுத்தை ஸ்டிக்கரில் வெட்டிக் கண்ணாடியில் ஒட்டி, வெட்டிய இடத்தில் கண்ணாடியை அரிக்கும் கிறீம் பூசிக் கழுவினால், அந்த இடம் மட்டும் பனி படிந்ததுபோல் வெள்ளையாக நிற்கும். முதல் ஓடர் ஒரு கலியாணப் படச்சட்டம். கண்ணாடியின் பின்பக்கத்தில் ஒட்டும் பெயரை மறுவளமாக வெட்டவேண்டும் என்பதை மறந்துபோனோம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் தங்கள் பெயரை வாசிக்கச் சுவருக்குள்தான் புகுந்திருக்க வேண்டும். அக்கா நிலத்தில் குந்தியிருந்து சிரித்துவிட்டுச் சொன்னார்: "கண்ணாடிக்கு அழிறப்பர் இல்லையடி. இனி ஒராள் வெட்ட, மற்றாள் பார்த்து வாய்விட்டு வாசிக்கவேணும். வாசிக்காமல் கிறீம் போத்தல் திறக்கிறேல்லை." அன்றிலிருந்து அவர் வெட்டினால் நான் வாசிப்பேன். நான் வெட்டினால் அவர்.

முப்பத்தோராம் நாள் சாப்பிட்டுப் போகிறவர்களுக்கு இறந்தவரின் பெயர் போட்ட ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். எவர்சில்வர் தட்டுக் கொடுத்து அலுத்தவர்கள் எங்களிடம் கண்ணாடிக் கிளாஸ் கேட்டு வந்தார்கள். போனவர் எப்படிப்பட்டவர் என்று கேட்காமல் அக்கா அந்த ஓடர்களை எடுக்கமாட்டார். "ஆரெண்டு தெரியாமல் வெட்டினால் அது வெறும் எழுத்து" என்பார். ஒரு பெரியவருக்குச் சீட்டாட்டப் பித்து என்று மருமகள் வாய்தவறிச் சொல்ல, கிளாஸின் அடியில் சின்னதாக ஓர் ஆட்டின், சீட்டில் வரும் அந்த இதயக் குறியை, வெட்டி வைத்தார். மகனுக்கு முகம் கறுத்துவிட்டது. மருமகள் அதைப் பார்த்த பிறகுதான் அழுதாள்.

போன மாரியில், வெளிநாட்டு ஓடர் என்று சொல்லிப் பெட்டி பெட்டியாகக் கிளாஸ் இறக்கினார். முப்பத்தோராம் நாளுக்காம்.

"பேரை அவையள் பிறகு அனுப்புவினம். நீ முதல் பூவை வெட்டு."

"என்ன பூ?"

"உனக்குப் பிடிச்சதை வெட்டன்."

"எனக்குப் பிடிச்சு என்ன? ஆள் எப்பிடிப்பட்ட ஆள்?"

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "மனுசி கொஞ்சம் பொய்க்காரி."

"பொய்க்காரிக்குப் பூவும் கிளாஸுமாய் உவ்வளவு எடுப்போ?" என்று நானும் சிரித்துக்கொண்டே நந்தியாவட்டையை வெட்டினேன். மழை விடும்வரை அதே வேலைதான். ஒவ்வொன்றையும் அவர் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "நல்ல வடிவு, வசந்தி. மனுசி குடுத்து வைச்சவ" என்றார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த அன்று தங்கை என்னை அக்காவின் அறைக்குள் கூப்பிட்டு, கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிகளை இழுத்துத் திறந்தார். என் நந்தியாவட்டைகள். அவற்றின் நடுவில் அக்காவின் பெயர், அவரே வெட்டியது. கீழே பிறந்த திகதி. அதற்கும் கீழே வெறும் கண்ணாடி.

"மிச்சத்தை நீங்கள் முடிப்பியள் எண்டு அக்கா சொன்னவ" என்றார் தங்கை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, இன்னும் இருக்கிறது. என் கையைக் கொண்டே எனக்குத் தெரியாமல் செய்வித்தீர்கள், அக்கா. தங்கைக்குத் தெரியும், அவர் பிள்ளைகளுக்குத் தெரியும், கோயில் ஐயருக்குக்கூடத் தெரியும். ஒவ்வொரு நாளும் உங்களோடு தேத்தண்ணி குடித்த நான்தான் வெளியாள். நான் தாங்கமாட்டேன் என்றுதான் மறைத்தீர்களாம். நான் அழுதால் என்ன, கிளாஸ் கரைந்துவிடுமா? நீங்கள் போட்ட விதியையும் நீங்களே முறித்தீர்கள். உங்கள் பெயரைத் தனியே வெட்டி, வாசிக்க ஆளில்லாமல் கிறீம் பூசினீர்கள். நான் உங்களை நம்பியிருந்தேன். நீங்கள் என்னை நம்பவில்லை.

ஆனாலும் வேலையை முடித்தேன். ஒவ்வொரு கிளாஸிலும் திகதியை ஒட்டி, எதிரே இருந்த வெறும் கதிரையைப் பார்த்து வாய்விட்டு வாசித்த பிறகே போத்தலைத் திறந்தேன். முப்பத்தோராம் நாள் சாப்பிட வந்த நீங்கள் எல்லோரும் கொண்டுபோன கிளாஸ்கள் அவைதான். அலுமாரியில் அடுக்கிவைக்காமல் தண்ணீர் குடியுங்கள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அழியாது.

அவற்றில் எனக்கென்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அதில் பூ நான் வெட்டியது, பெயர் அக்கா வெட்டியது. பிறந்த திகதிக்குக் கீழே ஒன்றும் இல்லை. தங்கை அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "உது இன்னும் முடியேல்லையே, வசந்தியக்கா?" என்று கேட்டார்.

"முடிக்கேல்லை" என்றேன். "உங்கடை அக்கா வந்து எனக்கொரு பதில் சொல்லட்டும். பிறகு முடிக்கிறன்."