வடநாட்டு மடத்தில் இருந்ததாகச் சொல்லப்பட்ட எங்கள் அக்கா

எங்கள் அக்கா இறைவனில் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. அவரது வாழ்வை உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எழுத வேண்டியவன், தம்பியாகிய நான். அதில் பல ஆண்டுகளை மறைத்து வைத்தவனும் நானே.

திண்டுக்கல் பக்கம் பிறந்த அக்கா, அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது பருத்திப்பட்டுக்கு வந்தார். கோயில் பாடகர் குழுவில் அவர் குரல் தனியாகக் கேட்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் குரல் ஏரிக்கரையில் யாருடனோ பேசத் தொடங்கியது. விடியற்பனியில் முழங்கால் நீரில் நின்று, மெல்லச் சிரித்துச் சிரித்துப் பேசுவார். எதிரே நிற்பவர்கள் எங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லையோ என்று தோன்றும்.

அன்றைய சட்டம் அப்படிப்பட்டவர்களைப் பைத்தியம் என்றது. மாஜிஸ்திரேட் உத்தரவு பெற்று அக்காவைக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் சேர்த்தேன். வடநாட்டு மடமொன்றில் கன்னியாஸ்திரியாகிவிட்டார் என்று தெருவில் சொன்னேன். அப்பா மறுக்கவில்லை. அதன்பின் அண்டை வீட்டார் வாசலில் நின்று, தங்களுக்காக ஜெபிக்கும்படி அக்காவுக்கு எழுதச் சொல்வார்கள். தலையாட்டுவேன்.

சில ஆண்டுகளில் அக்கா தெளிந்தார். அரசு மொழிபெயர்ப்பாளனான என் மேசைக்குப் புதிய மனநலச் சட்டம் வந்தது. பைத்தியம் என்ற சொல் போய், மனநோயாளி என்றானது. குணமடைந்ததாக உணர்பவர் தாமே விடுவிக்கக் கோரலாம் என்று நல்ல தமிழில் எழுதினேன். அந்த ஞாயிறு பார்க்கப் போனபோது, மருத்துவமனைத் தூங்குமூஞ்சி மரநிழலில் அக்கா கேட்டார்.

"நாமளே கேட்டா விட்டுருவாங்களாமேடா?"

"வீட்டுல யாராவது பொறுப்பேத்துக்கணும்க்கா."

"நீ இருக்கியே."

"பார்க்கலாம்" என்றேன். மடத்தை விட்டு வந்தவள் என்று ஊர் பேசுமே என்பதுதான் என் கவலை. பின்னர் வீட்டுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனைகளிலேயே மாத்திரை தருவது என்ற கொள்கையும் வந்தது. மருத்துவர் அழைத்துப்போகச் சொன்னார். அவரிடமும் பார்க்கலாம் என்றேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அஞ்சலை, வெல்டரின் மனைவி, பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், வடநாட்டு மடத்துக்குக் கீழ்ப்பாக்கம் பஸ்ஸுலதான் போவணுமா?"

பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"தெருவுக்கே தெரியும் சார். நீ சங்கடப்படக் கூடாதுன்னுதான் ஜெபம் அது இதுன்னு கேட்டுகினு இருந்தோம். அக்கா இப்ப நல்லாதானே கீது? இட்டுகினு வா."

மறுவாரமே அழைத்து வந்தேன். தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாலைகளில் அக்காவும் நானும் ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்போம். "இப்பல்லாம் யாரும் பேசறதில்லடா" என்பார், சற்றே ஏக்கமாக. கடைசிக் காய்ச்சல்வரை மாத்திரையைத் தவறவிட்டதில்லை.

சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும், அஞ்சலை குடும்பத்தாருக்கும், எங்கள் அக்காவைக் கல்லறைவரை சுமந்த தெருக்காரர்களுக்கும் நன்றி. என் பொய்யைத் தெரிந்தும் பொறுத்துக்கொண்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அக்காவிடம் கேட்டிருக்க வேண்டும். வந்த அன்றே அவருக்கென்று பீரோவில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தேன். அது கடைசிவரை காலியாகவே கிடந்தது. துவைத்த புடவைகளை அக்கா தினமும் மடித்து, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த துணிப்பையிலேயே வைத்துக்கொண்டார்.